புழு தீண்டாத கீரை

சித்தையன்கோட்டை
2.2.2004

அன்புள்ள பாஸ்கல் மாமாவுக்கு ஷைனி வணக்கத்துடன் எழுதுவது. போன் இருக்கும்போது கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அத்தையும் சுகமாயிருக்க ஆண்டவர் துணையிருக்கட்டும்.

கல்லூரியில் ஒரு பாடம் நடத்தினார்கள் மாமா. புழு கடித்த முள்ளங்கிச் செடி தன் விதைக்குள்ளேயே எச்சரிக்கை வைத்து அனுப்புமாம். அதில் முளைக்கும் பிள்ளைகள் புழுவைப் பார்க்கும் முன்பே இலையில் சுணையும் காரமும் கூட்டிக்கொள்ளுமாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழைக்காலத்தில் கொல்லையில் ஒரு முள்ளங்கிப் பாத்திக்கு மருந்தடிக்காமல் புழுவை மேயவிட்டேன். புழு குறைந்தால் பிடித்து வந்தும் விட்டேன். ஊரில் எல்லோரும் நல்ல செடியைத்தான் விதைக்கு விடுவார்கள். நான் சல்லடையாய்க் கிடந்ததை விட்டேன். "ஏத்தா, உன்னைய படிக்க வச்சது புழு வளக்கவா?" என்றார் அப்பா. "விடுங்க, இவ போட்டதத் திங்க அதுகளாச்சும் இருக்கே" என்றார் அம்மா.

அந்த விதையை ஒரு பாத்தியிலும், கடிபடாத செடியின் விதையைப் பக்கத்துப் பாத்தியிலும் போட்டேன். பக்கத்துப் பாத்தி ஓட்டை ஓட்டையாய்ப் போக, என் பாத்தியில் புழு ஒரு வாய் வைத்துவிட்டுத் திரும்பிப் போனது மாமா! நான் அங்கேயே குதித்தேன்.

நேற்றுப் பூசை முடிந்ததும் எரியோட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சாப்பிட்டுத்தான் போகணும் என்று அப்பா பிடித்துக்கொண்டார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் பத்தாதென்று கொல்லைக்கு ஓடிய அம்மா, விருந்தாளிக்கு ஓட்டைக் கீரையா என்று, என் பாத்திக் கீரையைப் பறித்துப் பொரித்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்தார். புழுவைப் போலவே நிறுத்தினார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. "என்ன கீரைம்மா இது?" என்றதும், அதுவரை தலைகுனிந்து நின்ற நான், என்ன வந்ததோ, தாய்ச்செடி, சுணை, விதை என்று முழுப் பாடத்தையும் நடத்திவிட்டேன். பாயசம் குடிக்காமலே வேன் ஏறிவிட்டார்கள்.

தவக்காலத்துக்கு முன் நிச்சயம் என்ற பேச்சு அதோடு போயிற்று. எனக்கு ரொம்ப வருத்தம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கொல்லைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அப்பா பாத்தியோரம் உட்கார்ந்து மிச்ச இலையை மென்றுகொண்டிருக்கிறார். ஆகவே நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம், அலைந்து வரவும் வேண்டாம். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்
ஷைனி

பி.கு.: உறையை ஒட்டும் முன் எரியோட்டிலிருந்து போன். பனியில் அடைத்திருந்த மூக்கு அந்தம்மாவுக்குத் திறந்துகொண்டதாம். "இம்புட்டு விவரமாப் பேசுற புள்ளைய விடுவமா?" என்று, ஞாயிற்றுக்கிழமை தாம்பூலத்தட்டோடு வருகிறார்களாம். கீரையும் வேண்டுமாம். அப்பா மீசையைத் தடவுகிறார். மாமா, நான் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். அந்தக் காரம் பேரப்பிள்ளைச் செடிக்கும் போகுமா என்று பார்க்க வேண்டும். அப்பா உங்கள் பேச்சைத்தான் கேட்பார். சனிக்கிழமையே வந்து சொல்லுங்கள்.