எல்லையில் ஒன்பது குவளை

தெசலோனிக்கி,
சனிக்கிழமை காலை பத்து மணி.

மதிப்பிற்குரிய அத்தான் ஸ்வெட்டிஸ்லாவ் அவர்களுக்கு, ராடிவோயே வணக்கத்துடன் எழுதுவது. வயிறு தவிர நான் நலம். அங்கு நீங்களும் அக்காவும் நலமென நம்புகிறேன். நீதிமன்றத்தில் முப்பது வருடம் மனு எழுதிய உங்கள் கையால் எனக்கு ஒரு புகார் வேண்டும்.

அறுபதைத் தாண்டியவர்களின் பளுதூக்கும் போட்டியில் நான் 83 கிலோ பிரிவு. நேற்று நிஷில் பேருந்து ஏறும்போது என் எடை 82.7. பையில் 900 கிராம் புரோட்டீன் பவுடர், மூடி திறக்காதது. முதல் எல்லையில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கிரேக்க எல்லையில் ஓர் அதிகாரி ஏறினார். அந்த வேலையிலேயே தலை நரைத்தவர், நம் செர்பிய மொழி சரளம், சட்டைக் கழுத்துப் பொத்தான் போட முடியாத அளவுக்குத் தடித்த கழுத்து. "பால், இறைச்சி ஏதாச்சும் இருக்கா?" பக்கத்து இருக்கை பெர்சிடா மூன்று கிலோ பாலாடையைக் கம்பளி நூலுக்கு அடியில் வைத்துக்கொண்டு இல்லை என்றாள். பவுடர் பாலாகாது என்ற நினைப்பில் நானும் இல்லை என்றேன். என் டப்பாவைத் தூக்கி, "இது எதுலேர்ந்து செய்யறாங்க?" என்றார். முப்பத்தைந்து வருடம் செய்தி எழுதியவன் நான், கேட்டால் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிடுகிறது. "பாலைத் திரிச்சுக் கட்டி எடுத்தப்புறம் மிஞ்சுற தண்ணியிலேர்ந்து."

"அப்ப இது பால். வெளியிலேர்ந்து பால் உள்ள வரக்கூடாது. குப்பைத்தொட்டி அங்க இருக்கு."

"அட மனுஷா, உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா?" என்றாள் பெர்சிடா.

குப்பையில் போட நான் சம்மதிப்பேனா? "டப்பாவுல வரக்கூடாது, சரி. வயித்துல வரலாமா?"

"வயித்தையெல்லாம் நாங்க திறந்து பாக்கறதில்லண்ணே."

தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று தண்ணீரில் கலக்கிக் கலக்கி ஒன்பது குவளை குடித்தேன். "கன்னுக்குட்டிகூட இப்படிக் குடிக்காது, ஏறுங்கண்ணே!" என்று ஓட்டுநர் ஹாரனை அடிக்க, அதிகாரி தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு, "வெனிலாவா? சாக்லேட் வாங்கியிருக்கலாம், கட்டி தட்டாது" என்று ஆலோசனை வேறு சொன்னார்.

இன்று காலை எடை 83.4. கழிப்பறைக்கு இரண்டு முறை ஓடினேன், சட்டையைக் கழற்றினேன், பல்செட்டையும் கழற்றினேன். 83.2. தூக்கி 93 கிலோ பிரிவில் போட்டுவிட்டார்கள். இரண்டு வருடப் பயிற்சி அத்தான்! மேடை ஏறாமல் திரும்பமாட்டேன். ஆனால் அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது. புகார் மூன்று பக்கமாவது இருக்கட்டும், கழுத்தையும் குறிப்பிடுங்கள். இன்று திரும்பும் அதே ஓட்டுநரிடம் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முதுகுவலி தீரட்டும், பிளம் மரங்கள் இந்த வருடமாவது காய்க்கட்டும்.

தங்கள்
ராடிவோயே

பின்குறிப்பு: இந்த 93 கிலோ பிரிவில் என்னோடு சேர்த்து மொத்தம் இரண்டே பேர். மற்றவர் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பு வாரை இறுக்குகிறார். அதே கழுத்து. "நீங்க நேத்தே குப்பையில போட்டிருந்தா நான் தனியா நின்னு தங்கம் வாங்கியிருப்பேன்" என்று அலுத்துக்கொண்டே ஒரு குவளை சாக்லேட் கலக்கிக் கொடுத்தார். குடித்தேன். உண்மையிலேயே கட்டி தட்டவில்லை. புகாரை எழுதி வையுங்கள், அனுப்ப வேண்டாம். தோற்றால் மட்டும் போன் செய்கிறேன்.