செம்பைத் தொட்டுவிட்டுப் படகேறவும்

வெடிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. கடலுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுநடுங்கிக்கொண்டே இரண்டிலும் தொழில் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் செம்பு அண்ணாச்சி.

சிவகாசியில் என் காலண்டர் அச்சகத்துக்கு அடுத்த வீடு அவருடையது. நாரணாபுரம் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தார். ஒருநாள் ஷெட்டில் சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். அண்ணாச்சி ஆளை எண்ணினார். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார். அப்போதும் குறைந்தது.

அதோடு வேலையை விட்டவர், தூத்துக்குடியில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினார். கடலுக்கடியில் மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கூட்டிப்போய், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி இறக்கிவிடும் தொழில்.

"நீச்சல் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாதுலே. ஆனா தண்ணிக்குள்ள தீப்பிடிக்காதுல்ல."

வெடி ஷெட் வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அண்ணாச்சி அதில் ஒன்றைப் படகு ஏணியில் அடித்துவைத்தார். பெயர் வந்தது அப்படித்தான். பத்துப் பேர் ஏறக்கூடிய படகில் நாலு பேரைத்தான் ஏற்றுவார், ஒரு வெடி ஷெட்டுக்குள் அத்தனை பேருக்குத்தான் அனுமதி என்பதால். முக்குளிக்க வருகிறவர்களின் கறுப்பு உடையைக் கிள்ளிப் பார்த்து, "இது பருத்தியா?" என்று கேட்பார்; வெடி ஷெட்டுக்குள் பருத்தி உடைக்குத்தான் அனுமதி. ரப்பர் என்று சொன்னால் முகம் வாடிவிடும். மிதவைச் சட்டையைக் கழற்றவே மாட்டார். தூத்துக்குடிக்குக் கிளம்பினால், கடல் கண்ணுக்கே தெரியாத சாத்தூர் தாண்டும்போதே பஸ்ஸில் போட்டுக்கொள்வார்.

ஊரில் எங்கே சத்தம் கேட்டாலும் அடுத்த நிமிடம் என் போன் அடிக்கும். லாரி டயர் வெடித்தாலும் சரிதான்.

"இருக்கியாலே?"

"இருக்கேன் அண்ணாச்சி."

வைத்துவிடுவார்.

ஆனி, ஆடிக் காற்றில் படகு ஓடாது. லாரியில் ஏற்றி சிவகாசிக்கே கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிறுத்தி வேலை பார்ப்பார். தூத்துக்குடியில் பார்க்கக் கூடாதா என்றால், "அங்கன உள்ளவனுக்குப் பயம் பத்தாதுலே" என்பார். அது தீபாவளி ஆர்டர் சீசன். ஊரில் ஆள் கிடைக்காது. காலண்டர் வேலை சூடுபிடிக்காமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நான் மாட்டினேன்.

இரண்டு வாரம் படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டினேன். பிறகு பதவி உயர்வு: எட்டு சிலிண்டர்களின் வால்வைத் திறந்து, காற்று கசியாமல் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றுவது. ஏழாவதில் புது வளையம் கை நழுவி உருண்டு படகுக்கு அடியில் போய்விட்டது. துழாவினேன். விரலில் தட்டுப்பட்டது வளையமல்ல, பூரான். கை தானாகத் திரும்பி வந்து பழைய வளையத்தையே மாட்டிவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று எட்டையும் ஒன்றாக நகர்த்தி வைத்தேன். எது அது என்று எனக்கும் தெரியாமல் போனது. பயம் அப்புறம்தான் வந்தது.

காற்று அடங்கியது. சிலிண்டர்கள் தூத்துக்குடி போய் நிரம்பின. அண்ணாச்சி கூப்பிட்டார்.

"கை வச்சவன் மொதச் சவாரிக்கு வரணும். செஞ்ச வெடியச் செஞ்சவன்தானலே கொளுத்திப் பாக்கணும்."

பெங்களூரிலிருந்து வந்த நாலு பேர், படகோட்டி, மிதவைச் சட்டையில் நாங்கள் இருவர். எனக்கு இடம் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில். ஒரு குளியலறை நிறையக் காற்றை ஒரு குடத்துக்குள் அமுக்கியிருக்கிறது என்று அண்ணாச்சியே சொல்லியிருந்தார். ஒரு பெண் அதில் தலைசாய்த்துத் தூங்கினாள். நான் அண்ணாச்சி பக்கம் நகர்ந்தேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"கடல் நல்லாருக்கு."

"ம்."

படகு நின்றது. தூங்கி எழுந்த பெண் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். இனியும் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை.

"அண்ணாச்சி, அந்த ரப்பர்..."

டமார்.

சத்தம் கேட்டால் எங்கள் ஊர்க்காரனுக்கு மூளை நின்றுவிடும், கால் ஓடும். ஷெட்டை விட்டு வெளியே ஓடு, அவ்வளவுதான் பாடம். படகுக்கு வெளியே கடல்தான் இருக்கிறது என்பது காலுக்குத் தெரியாது. நினைவு வந்தபோது உப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் அண்ணாச்சி, என் காலரைப் பிடித்தபடி.

"எண்ணுலே."

"மேல நாலு பேரு, படகோட்டி அஞ்சு, நான் ஆறு."

"ஒண்ணு கொறையுதுலே." அவர் உதடு நீலமாகியிருந்தது. "திரும்ப எண்ணு."

"உங்கள விட்டுட்டேன் அண்ணாச்சி. ஏழு."

அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது. எனக்கு அழுகை வந்தது.

"ஒரு சிலிண்டர்ல நான் ரப்பர் மாத்தல அண்ணாச்சி."

"தெரியும். ஷெட்டக் கூட்டையில புதுசு ஒண்ணு கெடந்துச்சு. எட்டுக்கும் சோப்பு நொரை வச்சுப் பாத்தேன். ஒண்ணுல கொமிழி வந்துச்சு. காத்த எறக்கிக் கரையிலயே போட்டுட்டேன். படகுல ஏழுதான் இருக்கு. நீ எண்ணலயா?"

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீ எப்பச் சொல்லுவன்னு பாத்தேன்."

"அப்ப வெடிச்சது என்ன?"

இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். ஒரு பெங்களூர்ப் பையன், ஊதி உடைத்த சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து நின்றான்.

படகோட்டி எங்களை இழுத்து ஏணியில் விட்டார். சொட்டச் சொட்ட நனைந்திருந்த அண்ணாச்சி ஏறுவதற்கு முன் செம்புத் தகட்டைத் தொட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தொட்டேன்.

போன வாரம் மேற்கே பெரிய சத்தம். அச்சகத்தின் கண்ணாடி அதிர்ந்தது. அவர் போன் வரட்டும் என்று காத்திருக்க முடியவில்லை; நானே போட்டேன்.

"இருக்கீகளா அண்ணாச்சி?"

"இருக்கேம்லே."

எப்போதும் உடனே வைத்துவிடுகிறவர், அன்று வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.