அல்பிரட் இனி இறங்கமாட்டார்

கிணுகிணுவென்று ஒரு சைக்கிள் மணி ஒழுங்கை முழுக்க அடித்துக்கொண்டு வந்தது. சைக்கிளைக் காணவில்லை. ஆளையும் காணவில்லை. துறைமுகத்துக் களஞ்சியத்தில் இராக்காவல் முடிந்து, தினமும் பூனை மாதிரி வீடு சேருகிற ஐவியின் மனிசன் அல்பிரட்தான் அது. ஐவி குசினியிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்ன, வேலை போயிட்டுதோ?"

அல்பிரட் படலையடியில் காலூன்றி நின்றார்.

"இண்டைக்குக் காலைமை சென்றியில இறங்கினதுதான் கடைசி. இனி இறங்கமாட்டன்."

சந்தியில் ஆமியின் மணல்மூட்டைக் காவலரண்தான் சென்றி. அதைக் கண்டதும் சைக்கிள்காரர் எல்லாரும் குதித்திறங்கி, தாண்டும்வரை உருட்டிக்கொண்டு நடப்பார்கள். திருகோணமலைப் பிள்ளைகள் சைக்கிள் ஓடப் பழகுமுன் இறங்கப் பழகிவிடும்.

"எந்தச் சட்டத்தில இருக்கு? தேடிப் பாத்திட்டன், இல்லை!"

களஞ்சியத்தில் விடிய விடிய வெளிச்சம் இருந்தது, கதைக்க ஆளில்லை. அதனால் கழிவுக் கடதாசிக்குள் கிடந்த சட்டப்புத்தகம் ஒன்றை வருடக்கணக்காக வாசித்துவந்தார். அதில் முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சப் பக்கம் இல்லை. அவருடைய சட்ட அறிவிலும் அப்படியே.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஸெய்னுதீன் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"அண்ணன், சட்டம் புத்தகத்துக்குள்ள இல்ல. மணல்மூட்டைக்குப் பின்னால துவக்கோட நிக்குது."

"அது ஆள், ஸெய்னுதீன். சட்டமில்லை."

"இதத்தான் ஐஸ்பழக்காரனும் சொன்னான். கொண்டு போனாங்க, மூணு நாள் கழிச்சு வந்தான். இப்ப ஐஸ்பழம் எண்டு கூவவும் பயப்படுறான்."

ஐவியின் முகம் வெளிறியது. அல்பிரட் சொன்னதைச் செய்கிற ஆள் இல்லைத்தான். ஆனால் மணியடித்துக்கொண்டு வந்து சொன்னது இதுதான் முதல் தடவை.

"நடமாடுற சுதந்திரம், ஐவி! அது மனிசனுக்குப் பிறப்பால..."

"சரி," என்றாள் ஐவி.

கலியாணத்தன்று கோயிலில் பாதிரியாருக்குச் சொன்னதற்குப் பிறகு அவள் உடனே சரி சொன்னது இப்போதுதான்.

"என்ன சரி?"

"நீங்கள் சொல்லுறது சரி. வாங்கோ, இப்பவே போவம். மீனும் வாங்கவேணும். உங்களுக்கு அடி விழுந்தா ஆர் சாட்சி?"

சாட்சியோடு போவதில் ஒரு கம்பீரம் இருந்தது. அவளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தார். சந்தி தெரிந்தது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அல்பிரட் மிதித்தார். வேகம் குறைந்துகொண்டு வந்தது. கொள்கை குறையவில்லை.

"இஞ்சாருங்கோ," பின்னாலிருந்து ஐவி. "ஒரு சைக்கிளில ரெண்டு பேர் போகலாமோ?"

"ஏலாது. குற்றம். ஏன் இப்ப?"

"இல்லை, அவன் அதைக் கேட்டா? குற்றம் செய்துகொண்டோ நியாயம் கதைக்கப் போறியள்?"

சைக்கிள் இரண்டு தரம் ஆடியது.

"அப்ப நீ இறங்கு!"

"நானோ? எனக்கு முழங்கால் ஏலாது. அதோட, பொம்பிளையளுக்கு அந்தச் சுதந்திரம் இல்லையோ?"

"இருக்கு. ஆனா..."

"ரெண்டு பேரில ஒராள் நடக்கவேணும். ஆரெண்டு நீங்களே சொல்லுங்கோ. சட்டம் படிச்ச ஆள்."

அதற்கும் சட்டத்தில் எங்காவது ஒரு வழி இருந்திருக்கும். அந்தப் பக்கம்தான் கிழிந்துபோயிருந்தது. அல்பிரட் இறங்கினார். கரியரில் ஐவி இருந்தபடி இருக்க, கான்டிலைப் பிடித்து உருட்டினார்.

சென்றியில் நின்ற ஆமிக்காரப் பெடியன் எட்டி, கரியரில் இருந்த ஐவியைப் பார்த்தான்.

"நோனாவுக்கு என்ன?"

ஐவி முழங்காலைத் தொட்டு முகத்தைச் சுளித்தாள். தேவைக்குக் கொஞ்சம் கூடவே சுளித்தாள்.

"பாவம். இறங்கவேணாம். போங்க, போங்க!"

வீட்டுக்கு வந்து அல்பிரட் கிணற்றடியில் குந்தியிருந்து மீன் செதில் உரசிக்கொண்டிருக்க, ஸெய்னுதீன் மூச்சிரைக்க வேலியடிக்கு ஓடிவந்தார்.

"அண்ணன், சந்தையெல்லாம் ஒரே கதை! ஒராள் இறங்காமலே சென்றியைத் தாண்டினதாம். நீங்களா?"

அல்பிரட் உரசின மீனைச் சட்டியில் போட்டார்.

"எங்கட வீட்டு ஆள்தான்," என்றுவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.