லைன் சரியாயிடுச்சு

"லைன் சரியாயிடுச்சு. அவர் அசந்ததும் பின்பக்கமா வாங்க. அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க!"

சமையலறையில் மனைவி கைப்பேசியில் கிசுகிசுத்தது, மத்தியானத் தூக்கத்துக்காகக் கூடத்துக் கட்டிலில் சாய்ந்திருந்த டெய்லர் மாஸ்டரின் காதில் தெளிவாக விழுந்தது. வந்துகொண்டிருந்த தூக்கம் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

சந்தேகம் மாஸ்டருக்குக் கூடப் பிறந்தது. சட்டை தைக்க வருகிறவன் போன மாசம்தான் அளவு கொடுத்தேன் என்றால் நம்ப மாட்டார். டேப்பைப் போட்டு அளப்பார். அளந்த பிறகு டேப் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு டேப்பை வைத்து அளப்பார். ஆனால் கட்டின மனைவியை மட்டும் இத்தனை வருஷத்தில் சந்தேகப்பட்டதே இல்லை. அந்தக் குறையை இப்போது மொத்தமாகத் தீர்த்துக்கொள்ளத் தொடங்கினார்.

எழுந்து போய், "யாரு போன்ல?" என்றார்.

"ராங் நம்பர்."

"ராங் நம்பரா?"

"ஆமா. நீங்க ஏன் தூங்காம உலாத்துறீங்க? போய்ப் படுங்க."

தூங்க வைப்பதில் என்ன இவ்வளவு அக்கறை? மாஸ்டர் கேட்கவில்லை. கேட்டால் ஆள் உஷாராகிவிடுவாள். சட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மாடியில் குடியிருந்தவர் டியூஷன் வாத்தியார். ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவர். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் அதன் பாட்டன் பூட்டன் வரைக்கும் சொல்லித்தான் விடுவார் என்பதால், தெருவில் யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.

"சார், லைன்னா என்ன அர்த்தம்?"

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. உடனே எதற்கோ கொஞ்சம் வாடியது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர் போல அகராதியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "எந்த லைன் மாஸ்டர்? அது ஒண்ணு ரெண்டு இல்லையே. வரிசையில நிக்கிறோம், அது லைன். போன்ல பேசுறோம், அதுவும் லைன். ரயில் ஓடுறது லைன். மீன் பிடிக்கிறவன் தூண்டில்ல கட்டுறது லைன். நாடகத்துல பேசுற வசனம் லைன். 'நீங்க எந்த லைன்ல இருக்கீங்க'ன்னா என்ன தொழில்னு அர்த்தம். வம்சத்துக்கும் லைன்னு பேரு. கரண்ட் கம்பி லைன். அதுல ஏறி வேலை பார்க்கிறவர்..."

"லைன்மேன்!" என்றார் மாஸ்டர்.

அந்த வட்டாரத்து லைன்மேன் நல்ல வாட்டசாட்டமான பிள்ளை. போகும்போதும் வரும்போதும் "அக்கா, நல்லாயிருக்கீங்களா?" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பான். கல்யாணம் ஆகாதவன் வேறு.

"லைன் அடிக்கிறதுன்னு பசங்க சொல்றாங்களே, அது?" மாஸ்டர் குரலை இறக்கிக் கேட்டார்.

"அது நம்ம ஆளுங்களோட சொந்தக் கண்டுபிடிப்பு. ஆனா இதோட மூலம் எது தெரியுமா? உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். லத்தீன்ல 'லீனும்'னா ஒரு செடி, ஆளிச் செடி. அந்த நாரை முறுக்கி எடுத்த நூலுக்கு 'லீனியா'ன்னு பேரு. நூலை இழுத்துப் பிடிச்சுக் கோடு போட்டாங்க, கோடும் லைன் ஆயிடுச்சு. நீங்க தைக்கிற லினன், உள்ளே வைக்கிற லைனிங், எல்லாம் ஒரே குடும்பம். ஆக, லைன்னா ஆதியில வெறும் நூல்தான்!"

"நூலா?"

"நூலேதான்."

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. நூல் விடுகிறான்! இத்தனை சமுத்திரம் தாண்டிப் போய்த் தேடினாலும் கடைசியில் நூல் விடுவதில்தான் வந்து நிற்கிறது! "எங்கே, காட்டுங்க" என்று அகராதியை வாங்கிப் பார்த்தார். எழுத்தை எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்து வைத்திருந்தார்கள். படிக்க முடியவில்லை. படித்துத்தான் ஆக வேண்டுமா என்ன? மூடிக் கொடுத்துவிட்டுக் கனத்த மனசோடு இறங்கி வந்தார்.

மறுநாள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அசையவில்லை. காதை மட்டும் தீட்டி வைத்திருந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். போனாள். மறுபடி வந்தாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள்.

"என்னங்க! என்னங்க! ஐயோ, சார், ஓடி வாங்களேன்! இவர்கிட்டேயிருந்து குறட்டையே வரலை!"

அடுத்த நொடி ஒரு சொம்புத் தண்ணீர் மாஸ்டர் முகத்தில் விழுந்தது. மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்த வாத்தியார் இன்னொரு சொம்பை ஊற்றினார். மாஸ்டர் அலறிக்கொண்டு எழுந்தார்.

"குறட்டை இல்லாம நீங்க தூங்கினதா சரித்திரமே கிடையாதே. என் உசிரே போயிடுச்சு" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர். ஆனாலும் அவள் முந்தானையாலேயே அவர் தலையைத் துவட்டியபோது உள்ளே ஏதோ செய்தது. அதையும் சந்தேகப்பட்டு ஒதுக்கினார்.

அதற்கடுத்த நாள் கொல்லை மதிலில் இருந்த பின்கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"பின்கதவுக்கு எதுக்குங்க பூட்டு?" மனைவியின் முகம் வெளிறியது.

"காலம் கெட்டுக் கிடக்கு. கண்ட கழுதையும் உள்ளே வருது."

"நம்ம வீட்டுல எடுத்துட்டுப் போக என்ன இருக்கு?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

இந்தத் தடவை தப்பு நேரக் கூடாது என்று குறட்டையும் சேர்த்து விட்டார். அதில் ஒரு சிக்கல் வந்தது. தெருவே அதிரும்படி விட்டதில் அவர் காதில் அவருடைய குறட்டையைத் தவிர வேறெதுவும் விழவில்லை. மூச்சை இழுக்கிறபோது கிடைக்கிற இடைவெளியில்தான் மனைவி போனில் பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது.

"லைன்மேன் தம்பியா?..."

கொர்ர்ர்.

"...பின்கதவு பூட்டியிருக்கு. உங்ககிட்ட ஏணி..."

கொர்ர்ர்.

"...சுவர் ஏறி வந்துடுங்க. அவர் நல்லாத் தூங்குறார்."

மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தபடியே இன்னும் நாலு குறட்டை விட்டார். கொல்லைப்புறத்தில் ஏணி உராயும் சத்தம் கேட்டது. பூனை மாதிரி எழுந்து, அடிமேல் அடி வைத்து நடந்து, கொல்லையைப் பார்த்த ஜன்னலோரம் ஒண்டி நின்றார்.

மதில்மேல் ஒரு உருவம். தலையில் தொப்பி, இடுப்பில் குறடு. கையில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். கீழே மாஸ்டரின் மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பிரமாதம்! என்ன இருந்தாலும் உங்க கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றான் லைன்மேன்.

மாஸ்டர் கொல்லைக்குப் பாய்ந்தார். லைன்மேன் இறங்குவதற்காகத் தூக்கி உள்பக்கம் போட்டிருந்த ஏணியைப் பிடுங்கித் தூர எறிந்தார். அந்தப் பக்கம் குதித்தால் சாக்கடை, இந்தப் பக்கம் குதித்தால் மாஸ்டர். கரண்ட் கம்பத்தில் அனாயாசமாக ஏறுகிறவன், ஒன்றரை ஆள் உயரச் சுவரில் குதிரையேறின மாதிரி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய்! என் வீட்டு மதில்மேல உனக்கு என்னடா லைன்?"

"அண்ணே, நீங்க நினைக்கிற மாதிரி..."

"தம்பி, வாயைத் திறக்காதீங்க!" மனைவி குறுக்கே விழுந்தாள். "என்ன ஆனாலும் சரி, நீங்க எதுவும் சொல்லக் கூடாது."

"பார்த்தியா, பார்த்தியா! கையில என்ன பொட்டலம்?"

லைன்மேன் பொட்டலத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். சத்தம் கேட்டு வாத்தியாரும் இறங்கி வந்துவிட்டார். பக்கத்து வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே கேளுங்க. லைன் சரியாயிடுச்சாம், நான் அசந்ததும் பின்பக்கமா வரணுமாம். உங்க புத்தகத்துல இருக்கிற அத்தனை லைனையும் போட்டுப் பார்த்துட்டேன், எந்த லைன்ல போனாலும் என் மானம்தான் கப்பலேறுது!"

வாத்தியார் மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். வாத்தியார் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"கண் ஜாடை வேறயா! சொல்லு, இவன் எதுக்கு வர்றான்?"

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்க என்ன வேணும்னாலும் நினைச்சுக்குங்க."

மாஸ்டரின் குரல் உடைந்துவிட்டது.

"நினைச்சுக்கவா? முப்பது வருஷம் மிஷின் மிதிச்சு உனக்காகத்தானே உழைச்சேன்! இந்தத் தெருவுல என்னை மாதிரி ஒரு தொழில்காரன் உண்டா? யாராவது ஒரு குறை சொன்னது உண்டா?" வாத்தியாரின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். அவர் போட்டிருந்த கோடு போட்ட சட்டையை ஊருக்கே காட்டினார். "இந்தா, போன வாரம் நான் தைச்சது! பாக்கெட்டுல இருக்கிற கோடும் சட்டையில இருக்கிற கோடும் எப்படிச் சேர்ந்திருக்கு பாருங்க! இழை பிசகியிருக்கா? இப்பேர்ப்பட்ட கையை வச்சிருக்கிறவனுக்கா இந்தக் கதி?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதில்மேல் இருந்த லைன்மேனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, நீங்க தைச்சதை வாங்கிட்டுப் போறவங்க எல்லாருமே, கோணிப் போன லைனைப் பிரிச்சு நேரா தைச்சுத் தரச் சொல்லி, நீங்க குறட்டை விடுற நேரமாப் பார்த்து அக்காகிட்டதாண்ணே ரெண்டு வருஷமா வந்துட்டிருக்கோம்!"