நாடா கட்டும் இடம்

உள்பாவாடை நாடாவை எங்கே கட்டுவது என்று தெரியாமல் கமலேஸ்வரி விடியற்காலையிலிருந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூன்று இடத்தில் கட்டி, மூன்றையும் அவிழ்த்தாயிற்று. சாம்பல்தீவிலிருந்து நகரத்துக்குப் போகிற பஸ் ஏழு மணிக்கு. அதை விட்டால் ஆமிச் சென்றிச் சோதனையில் வரிசை நீண்டுவிடும்.

கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் ஒப்பரேசன் முடிந்து நாலு மாதம். பெருங்குடலில் இருந்த கட்டியோடு குடலிலும் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தின் நுனியைத் தொப்புளுக்கு இடப்பக்கமாக வெளியே கொண்டுவந்து தைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். இனி ஆயுள் முழுவதும் மலம் போவது அந்த வழியால்தான். டொக்டர் நல்ல மனுசன். என்ன சாப்பிடுவது, எப்படிக் குளிப்பது, பையை எப்போது மாற்றுவது எல்லாம் படம் கீறிக் காட்டினார். ஆனால் அவர் கால்சட்டை போடுகிற ஆள். சேலை கட்டுகிறவளுக்கு நாடா போகிற அதே கோட்டில்தான் ஓட்டை வைத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

வழக்கமான இடத்தில் நாடாவைக் கட்டினால் பை நசுங்கியது. நசுங்கினால் பக்கத்தால் கசிந்தது. கசிந்தால் தோல் நெருப்பாக எரிந்தது, கெட்ட மணம் மணத்தது. நகரத்தில் ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஓர் அரசாங்கக் கந்தோரில் கமலேஸ்வரி பிரதம லிகிதர், எழுத்தர்களுக்கெல்லாம் தலைவி. முப்பது வருடச் சேவையில், நடுவில் சில வருடம் மாற்றலாகி வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத வைப்பாள். ஐந்து நிமிடம் பிந்தி வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மணிக்கூட்டைக் காட்டுவாள். அப்படிப்பட்டவள் இந்த மாதம் இரண்டு தரம் கந்தோர்க் கக்கூசுக்குள் நின்று சத்தமில்லாமல் அழுதிருந்தாள்.

அன்றைக்கு நாடாவை நன்றாகக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு போனாள். பைக்குச் சுகம். சேலைக்குத்தான் பிடிமானம் இல்லை. பஸ்ஸால் இறங்கி உட்துறைமுக வீதியால் நடந்தபோது கடற்காற்று கொசுவத்தைப் பிடித்து இழுத்தது. ஒரு கையில் குடை, மறு கையில் கொசுவம். கந்தோர்ப் படலையடியில் வணக்கம் சொன்ன காவலாளிக்குப் பழக்கதோசத்தில் கையைத் தூக்கினாள். கொசுவம் அப்படியே நிலத்துக்குப் போனது. காவலாளி பண்பானவர். உடனே திரும்பி நின்று துறைமுகத்தில் கப்பல்களை எண்ணத் தொடங்கினார்.

அடுத்த நாள் நாடாவை மேலே ஏற்றி, நெஞ்சுக்குக் கீழே கட்டினாள். சேலைக் கரை கணுக்காலுக்கு மேலே ஏறியது. முன்பக்கம் வட்டமாகத் திரண்டு நின்றது. ஆனால் கசியவில்லை, வழுக்கவில்லை. அவளுக்கு நிம்மதி. பஸ்ஸில் ஒரு கிழவர் எழும்பி இடம் கொடுத்தபோதும் நோயாளி என்று தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தாள்.

மூன்றாம் நாள், தேத்தண்ணி கொண்டுவருகிற கனகம்மா கோப்பையோடு சேர்த்து ஒரு சின்னத் தட்டையும் வைத்தாள். உப்புத்தூளும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பிஞ்சு.

"இது என்னத்துக்கு கனகம்மா?"

"வாய்க்குப் புளிப்புக் கேக்கும் மிஸ். பயப்பிடாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கமலேஸ்வரிக்கு ஐம்பத்தொரு வயது. கலியாணம் செய்துகொள்ளாதவள். விசயம் விளங்க அவளுக்கு அரை நிமிடம் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். கந்தோரில் இருந்த பதினெட்டுப் பேரும் அவசரமாகக் கோவைக் கட்டுகளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். கனகம்மா ஒருத்தருக்கும் சொல்லாத இலட்சணம் அது.

அவளுக்கு வந்த கோபத்தில் மாங்காயைத் தட்டோடு யன்னலுக்கு வெளியே எறிந்தாள். அதையும் ஊர் மசக்கைக் கணக்கில்தான் சேர்த்தது.

நேராக வந்து கேட்டவள் ஒருத்திதான். பக்கத்து மேசை றம்லா. நகரத்துப் பெண், மூன்று பிள்ளைகளின் தாய், அதிகம் கதைக்காதவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்ன நடந்தது அக்கா என்று மெதுவாகக் கேட்டாள். நாலு மாதமாக ஒருவருக்கும் சொல்லாததைக் கமலேஸ்வரி அவளிடம் சொன்னாள். றம்லா முகத்தைச் சுழிக்கவில்லை, ஐயோ பாவம் என்று சொல்லவும் இல்லை. பை எவ்வளவு நீளம், எந்த நேரம் நிரம்பும், கதிரையில் இருக்கும்போது எங்கே இடிக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள் அளவு நாடாவோடு வந்து அளவெடுத்தாள்.

அவள் தைத்துக்கொண்டு வந்தது அகலமான ஒரு பருத்தித் துணிப் பட்டி. இடப்பக்கத்தில் பைக்கென்று ஓர் உறை. பாரத்தைப் பட்டி தாங்கும். சேலையைப் பட்டியிலேயே ஊசி குத்தி நிறுத்தலாம். கட்டிப் பார்த்தபோது கமலேஸ்வரிக்குப் பழைய இடுப்புத் திரும்பிக் கிடைத்தது போல இருந்தது. அன்று முழுக்கக் கந்தோரில் எல்லோரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அடுத்த நாள் காலை சென்றிக்குப் போகும்வரை அந்த நிமிர்வு இருந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. பஸ்ஸால் எல்லோரையும் இறக்கி நடக்க விட்டுச் சோதிக்கிற காலம். பெண்களைச் சோதிக்கச் சாக்கு மறைப்புக்கு முன்னால் ஓர் ஆமிப் பெண் நிற்பாள். இருபது வயது இருக்கும். அவளுடைய கை கமலேஸ்வரியின் இடுப்பைத் தடவி வந்து பட்டியில் தட்டியது. பட்டிக்குள் ஓர் உறை. உறைக்குள் ஏதோ சரசரக்கிறது. பெண் பின்னால் பாய்ந்து ஒரு சொல் கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் குடை, கூடை, மீன்பெட்டியோடு நிலத்தில் விழுந்து படுத்தார்கள். நாலு துவக்குகள் கமலேஸ்வரியின் வயிற்றைப் பார்த்து நீண்டன.

அவளுக்குச் சிங்களம் தெரியும். அரசாங்கப் பரீட்சையில் திறமைச் சித்தி பெற்றவள். ஆனால் அது முழுக்கக் கடிதச் சிங்களம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மேற்படி விடயம் தொடர்பாக, எனது வயிற்றுப் பகுதியின் தற்போதைய நிலைமையைத் தங்களது மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்."

துவக்குப் பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இப்படி ஓர் ஆளை அவர்களுக்குப் பயிற்சியில் காட்டியிருக்கவில்லை.

கடைசியில் மறைப்புக்குப் பின்னால் அவள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் காட்டவேண்டி வந்தது. வெட்கத்தை விட அவளுக்கு ஆத்திரம்தான் கூட. ஆமிப் பெண் பார்த்தாள். பார்த்ததும் அவளுடைய முகம் சின்னப்பிள்ளை முகமாகப் போய்விட்டது. துவக்கை ஒரு பக்கம் சாத்திவைத்து, பட்டியைத் தன் கையாலேயே திரும்பக் கட்டிவிட்டு, சேலைக்கு ஊசியும் குத்திவிட்டாள்.

நல்லதாய்ப் போயிற்று என்று கமலேஸ்வரி நினைத்தாள். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வரிசையில் அவளைக் கண்டால் போதும், "அம்மே, யன்ன, யன்ன" என்று எல்லோருக்கும் முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். சோதனை இல்லை, அடையாள அட்டை கூடக் கேட்பதில்லை. வெயிலில் நின்ற நாற்பது பேர் அதைப் பார்த்தார்கள்.

ஒரு கிழமைக்குள் பக்கத்து வளவுச் சின்னராசா, கடலுக்குப் போகிற பாஸ் ஒன்று எடுத்துத் தரச்சொல்லி அறக்குளா மீனோடு வந்து நின்றார். ஆமிப் பெரியவர்களோடு கதைத்துப் பார்க்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். தனக்கு ஒரு பெரியவரையும் தெரியாது என்று அவள் எவ்வளவு சொல்லியும் மீனைத் திருப்பிக் கொண்டுபோக அவர் மறுத்துவிட்டார். கந்தோரில் அவள் வந்தால் கதை நின்றது. கனகம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனாள். மாங்காயையும் சென்றியையும் சேர்த்து, வயிற்றுப் பிள்ளைக்குத் தகப்பன் ஆமிப் பெரியவன் ஒருவன் என்று ஊர் ஒரே கதையாக முடித்துவிட்டது என்று கமலேஸ்வரிக்குத் தெரியவந்தபோது அவளுடைய பொறுமை அறுந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் சேலை. சேலை இல்லாவிட்டால் நாடா இல்லை, பட்டி இல்லை, மாங்காய் இல்லை, மீனும் இல்லை. றம்லாவிடம் அதைச் சொன்னாள். றம்லா அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு, நீளக் கவுன் ஒன்று தைத்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

மெல்லிய பருத்தி. கடும் நீலத்தில் சின்னப் பூ. அந்தப் பூவுக்குள் புடைப்பும் தெரியாது, கறை பட்டாலும் தெரியாது. தோளிலிருந்து மடிப்பு விட்டுக் கணுக்கால்வரை விழும். இடுப்பில் நாடாவும் இல்லை, இறுக்கமும் இல்லை. பையைப் பார்க்கச் சுலபமாகப் பக்கத்தில் ஒரு திறப்பு. கமலேஸ்வரி அதைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள். எழும்பினாள். திரும்ப இருந்தாள். வயிற்றைப் பிடிக்காமல், மூச்சை அடக்காமல் இருப்பது நாலு மாதத்தில் அதுதான் முதல் தரம். கண் கலங்கியது. றம்லா மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நூலை மடித்தாள்.

கவுனோடு கந்தோருக்கு வந்த அன்றே கந்தோர்ப் பெரியவர் ஆனந்தராசா கூப்பிட்டனுப்பினார். பயந்த சுபாவம். யன்னலைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"மிஸ், எனக்கு உங்கட நிலைமை விளங்குது. ஆனா பெண்கள் சேலையோடதான் வரவேணுமெண்டு இந்தக் கந்தோரில ஒரு உத்தரவு இருக்கு."

"ஆர் போட்ட உத்தரவு சேர்?"

அது அவருக்குத் தெரியவில்லை. அவர் மாற்றலாகி வந்து இரண்டு வருடம்தான். முன்னிருந்தவர் பூட்டுகளின் திறப்புக்கோர்வையோடு சேர்த்து இதையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். கோவையைக் காணாமல் உத்தரவை நீக்கத் தனக்கு ஏலாது என்றார். அப்படியானால் கோவையைக் காணும்வரை தனக்குச் சேலை கட்ட ஏலாது என்றாள் கமலேஸ்வரி.

பழைய கோவைகளுக்குப் பொறுப்பான ஸைனுலாப்தீன் தேடத் தொடங்கினார். தொண்ணூறாம் ஆண்டுக் குழப்பத்தில் கோவைகள் எல்லாம் சாக்கில் கட்டிப் பின்னறையில் போட்டபடி கிடந்தன. மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் கமலேஸ்வரி அந்த உத்தரவைப் போட்டவனை ஏசித் தீர்த்தாள். அவனுக்கு வயிறு என்று ஒன்று இருந்திருக்காது என்றாள். அவனைப் பெற்றவளும் ஒரு நாள் இடுப்பில் கட்ட ஏலாமல் நின்றவள்தானே என்றாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். ஒருத்திக்கு நாடா இறுக்கிய தழும்பு. ஒருத்திக்கு முதுகு நோ. ஒருத்தி மாதவிலக்கு நாட்களில் படுகிற பாட்டைச் சொன்னாள். இவ்வளவு காலமும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

கமலேஸ்வரி பேனாவை எடுத்தாள். உத்தரவை நீக்கவேண்டும் என்றும், அதற்குக் காரணமானவர் இந்தக் கந்தோரின் பெண்கள் எல்லோரிடமும் எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் ஒரு மனு எழுதினாள். கனகம்மா உட்பட எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். றம்லா மட்டும் வைக்கவில்லை.

"உத்தரவை எடுக்கச் சொல்லுங்கோ, போதும் அக்கா. மன்னிப்பு வேண்டாம்."

"நான் மாற்றலாகிப் போன நேரத்திலதான் போட்டிருப்பாங்கள். நீ அப்ப இஞ்சதானே வேலை செய்தனி? உனக்கு ஆளைத் தெரியுமோ?"

"கன காலமாப் போச்சுது அக்கா."

உன்னைப் போல ஆட்கள் விட்டுக் கொடுத்துத்தான் இப்படிப்பட்டவர்கள் தப்பிப் போகிறார்கள் என்று கமலேஸ்வரி அவளுக்கும் ஏசினாள். றம்லா தன் கோவைக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை ஸைனுலாப்தீன் தலையெல்லாம் ஒட்டறையோடு கோவையைக் கொண்டுவந்தார். ஆனந்தராசாவின் அறை வாசலில் பெண்கள் எல்லோரும் கூடினார்கள். சத்தமாக வாசிக்கும்படி கமலேஸ்வரி சொன்னாள். ஸைனுலாப்தீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். எண்பத்தாறாம் ஆண்டு, அப்போதிருந்த பெரியவருக்கு எழுதப்பட்ட முறைப்பாடு:

"'எமது கந்தோரில் கடமையாற்றும் பெண் லிகிதர் ஒருவர், இடுப்பில்லாத தொளதொளத்த நீளச்சட்டை ஒன்றை அணிந்து சமுகமளித்து வருகிறார். இது கந்தோரின் கண்ணியத்துக்கு இழுக்காகும். ஆகவே, எவ்விதக் காரணமும் கருதாது, பெண் உத்தியோகத்தர் யாவரும் இடுப்பில் ஒழுங்காகக் கட்டிய சேலையுடன் மட்டுமே வரவேண்டுமெனப் பணிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.'"

அதன் கீழே பழைய பெரியவர் சிவப்பு மையில் 'ஆம்' என்று மட்டும் எழுதியிருந்தார். பதினொரு வருட உத்தரவு என்பது அந்த ஒரு சொல்தான்.

ஆனந்தராசாவுக்கு அன்றைக்கு எங்கிருந்தோ துணிவு வந்துவிட்டது. கோவையை வாங்கி, அந்த 'ஆம்' என்பதை வெட்டி, 'நீக்கப்பட்டது' என்று எழுதி, தேதியும் போட்டார். இனி அவரவர் உடம்புக்குச் சுகமானதை உடுத்திக்கொண்டு வரலாம் என்றார். வாசலில் நின்ற பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கனகம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

கமலேஸ்வரிக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"எவ்விதக் காரணமும் கருதாதாம். தமிழ் மட்டும் திறம்" என்றாள். மேசையில் மூடிக் கிடந்த கோவையை எடுத்துத் திரும்ப ஸைனுலாப்தீனின் கையில் கொடுத்தாள். "கீழ பேர் இருக்குமே, அதை வாசியுங்கோ. ஆள் உயிரோட இருந்தா நானே வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேக்க வைக்கிறன்."

ஸைனுலாப்தீன் கோவையைப் பார்த்தார். பிறகு றம்லாவைப் பார்த்தார். றம்லா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆனால் அந்த மனுசன் முப்பது வருடமாகக் கேட்ட கோவையைக் கேட்டபடி கொடுத்துப் பழகியவர்.

"தேடிப் போகத் தேவையில்லை மிஸ், இது உங்கட கையெழுத்து; அப்ப றம்லாவுக்கு எட்டு மாசம்."