வருங்காலம் அண்ணனுக்கு ஒரு ‘வாழ்க’

எங்கள் சைதாப்பேட்டையில் வருங்காலம் அண்ணன் வாயால் பதவி வாங்காத உயிரினமே கிடையாது. டீ மாஸ்டர் ‘வருங்கால ஓட்டல் அதிபரே’. ஆறு அரியர் வைத்திருந்த நான் ‘வருங்கால கலெக்டரே’. தெருநாய்க்கே ‘வருங்கால வட்டச் செயலாளரே’ என்று பட்டம் கொடுத்து பிஸ்கட் போட்டவர்.

கட்சியில் அவருக்கு ஒரே வேலை, கோஷம். மைக்கில் அவர் ஒரு பெயரை எடுத்துவிட, கூட்டம் ‘வாழ்க’ போடும். எங்கள் வார்டில் கவுன்சிலர் சீட் ஒரே வீட்டின் சொத்து. அப்பாவுக்குக் கத்தினார், பிறகு மகனுக்குக் கத்தினார். ஒவ்வொரு தேர்தலுக்கும் “அடுத்த வாட்டி உனக்குத்தான் நைனா” என்பார்கள். அண்ணனும் மனுத்தாக்கலுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையை எடுத்து, தொப்பைக்கு ஏற்றபடி அரை இன்ச் பிரித்துவிடச் சொல்லி, மறுபடி பீரோவில் வைப்பார்.

தினமும் குளிக்கும்போது ஒத்திகை வேறு. பாத்ரூமிலிருந்து “வருங்கால கவுன்சிலர் ஏகாம்பரம்!” என்று கர்ஜனை வரும். அப்புறம் அவரே சின்னக் குரலில், “வாழ்க.” தெருவே சிரிக்கும்.

போன தேர்தலில் சீட் உறுதி என்றார்கள். சட்டை இஸ்திரியாகி வந்தது. வேட்பாளர் அறிமுகக் கூட்டத்துக்கு அரை மணி முன்னால் கவுன்சிலர் அவர் தோளில் கை போட்டார்.

“ஏகா, நம்ம பையன் ஃபாரின்லேர்ந்து வந்துகிறான். அவன்தான் நிக்கிறான். நீதான் கோஷம் போடணும், இன்னா?”

“அப்ப நானு?”

“அடுத்த வாட்டி.”

“அறுபத்திரண்டு ஆவுது தலீவரே.”

“அதுக்கு இன்னா? ஸ்ட்ராங்காத்தானே கீறே!”

பையன் மாலையோடு கும்பிட்டு நின்றான். அண்ணன் மைக்கைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைக்க, “வருங்கால கவுன்சிலர்...” என்று இழுத்தார். முப்பது வருட பாத்ரூம் பழக்கம். “...ஏகாம்பரம்!”

மேடை விறைத்துப்போனது. ஆனால் கூட்டம் என்றைக்குப் பெயரைக் கேட்டது? முந்நூறு பேரும் ஒரே குரலில், “வாழ்க!”

நான் விசிலே அடித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினார்கள். மறுநாள் கட்சியை விட்டே நீக்கினார்கள். பையன் ஜெயித்தான்.

இப்போதும் டீக்கடைக்கு வருகிறார், அந்த வெள்ளைச் சட்டையில். யாருக்கும் பதவி கொடுப்பதில்லை.

“இன்னாண்ணே, நாய்க்குக்கூட போஸ்டிங் இல்லியா?” என்று கலாய்த்தேன்.

“அதுக்கு அப்பன் யாருன்னு தெரியலியேடா.”

போன வாரம் எனக்கு ஒரு இன்டர்வியூ. கிளம்பும் முன் அவர் எதிரிலேயே டீ வாங்கி, அது ஆறி ஆடை படியும்வரை நின்றேன், ‘வருங்கால’ என்று ஆரம்பித்துவிட மாட்டாரா என்று.