அடுத்தவருக்காகக் கார் பார்ப்பவர்

பதினேழு கார்கள். ருவான்வெல்லை பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முக்தார், இரண்டு வருடத்தில் பார்த்துவிட்டுத் திரும்பியவை இவ்வளவு. ஆறு ஹைபிரிட், பதினொன்று மின்சாரம். வாங்கியது ஒன்றுமில்லை. கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் வேறு இனம். தனக்காக எதையும் வாங்கமாட்டார். பிறகொரு நாள் தன்னிடமிருந்து வாங்கப்போகிற, இன்னும் கண்ணால் காணாத ஒருவருக்காகவே வாங்குவார்.

எப்படி அடையாளம் காண்பது? காரைப் பார்த்ததும் நீங்களும் நானும் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்போம். இவர் கேட்பது, "வித்தா என்ன வெலைக்குப் போகும்?" இன்னும் வாங்கவேயில்லை! நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும். ஏன்? வரப்போகிறவருக்கு வெள்ளைதான் பிடிக்கும். இருக்கையின் பொலித்தீன் உறையைக் கழற்றக் கூடாது. வெயிலில் அது முதுகோடு ஒட்டிப் பெண்டாட்டி பிள்ளைகள் அவிந்தாலும், வரப்போகிறவருக்குப் புதுசாக இருக்க வேண்டுமே. 2022இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, மோட்டார் சைக்கிளோடு பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்று, இனிமேல் கரண்ட் கார்தான் என்று சபதம் போட்டவரும் இவர்தான். வரிசை கலைந்தது, சபதமும் கலைந்தது.

மனைவி றஸ்மியாவுக்கோ அவசரம். அரநாயக்கப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மூன்று பஸ் மாறி, இறப்பர் தோட்டத்து மேட்டில் மூச்சிரைக்க ஏறி, ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுமுன் கையெழுத்துப் போட வேண்டும். போன மாதம் ஒன்பது நாள் பிந்தி, கையெழுத்து கோட்டுக்குக் கீழே. இனிப் பிந்தினால் லீவில் கழிப்பேன் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

பதினேழாவது கார் ஷிஹாபின் விற்பனை நிலையத்தில் நின்றது. சின்ன மின்சாரக் கார், சிவப்பு. றஸ்மியா அதைப் பள்ளிக்கூடத்து மேடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முக்தார் டயரை உதைத்தார், கூரையைத் தட்டினார்.

"ஷிஹாப், இந்தச் செவப்ப எங்கள்ட்ட இருந்து எவன் எடுப்பான்?"

"முக்தார் நானா, நீங்க இன்னும் எடுக்கவே இல்லயே!"

"எடுக்கப்போறவன யோசிக்கணும்தானே. அவனுக்குப் பெட்டரி பயம் ஈக்கும். மேட்டுல இழுக்குமாண்டு கேப்பான்."

"அவன், அவன்டு சொல்றீங்களே," என்றார் றஸ்மியா. "அவனுக்கு எத்தன மணிக்கு இஸ்கூல்?"

முக்தார் மறுபடி டயரை உதைத்தார். றஸ்மியா ஷிஹாபின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவர் தேடுற அந்த ஆள் நான்தான். நேரா என்ட பேருக்கே எழுதுங்க. டீச்சர்மாருக்கு லோன் தாராங்க."

"அப்ப வித்தா...?" என்றார் முக்தார்.

"விக்க மாட்டேன்."

கார் சம்பந்தமாக அப்படியொரு வார்த்தை இருப்பதே முக்தாருக்கு அன்றுதான் தெரியும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் கைத்தொலைபேசி வந்த வெற்றுப் பெட்டியை அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே, அது யாருக்கு?

லோன் கிடைத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு றஸ்மியா அந்தக் காரில் பள்ளிக்கூடம் போகிறார்.